தம்புசாமி தனலெட்சுமி அழைக்கிறேன்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு எழுத்துப் பிழையிலிருந்து. பெருந்துயரம், ஆழ்ந்த அனுபவம், உள்மனத் தேடல் என்று ஏதாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அந்தச் சரக்கெல்லாம் மற்ற எழுத்தாளர்களிடம் தாராளமாகக் கிடைக்கிறது.

கிள்ளானில் என் வீட்டுத் தபால்பெட்டியில் ஒரு கல்யாண அட்டை கிடந்தது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நம்மூர்க் கல்யாண அட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஆங்கிலப் பக்கத்தை மாமா, சித்தப்பா, மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் என்று ஆளுக்கு ஆள் வாங்கித் திருத்துவார்கள். தமிழ்ப் பக்கத்தை மேலே அச்சடித்திருக்கும் பிள்ளையார் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவரும் எதிர்ப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த அட்டையின் வலப்பக்கத்தில் இப்படி இருந்தது:

தம்புசாமி தனலெட்சுமி மகள் தாமரையின் திருமணத்திற்குத் தங்களை அன்புடன் அழைக்கிறேன்.

[பெயர்களை மாற்றிவிட்டேன். பிழையை மாற்றவில்லை.]

ஆள் இரண்டு, வினை ஒருமை. கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து "றே" பக்கத்தில் ஒரு கால் போட்டு, "ன்"னை அடித்து "ம்" ஆக்கி, "அழைக்கிறோம்" என்று திருத்தினேன். முன்பின் தெரியாதவர் வீட்டு நல்ல காரியத்தில் குற்றம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்குத் தேநீர்கூட நன்றாக இருந்தது. எழுத்தாளனுக்குக் கிடைக்கிற சந்தோஷங்கள் இவ்வளவுதான்.

தேநீர் முடிந்தபோது சந்தேகம் வந்தது. யாராவது வேண்டுமென்றே இப்படிப் போடச் சொல்லியிருந்தால்?

கடைக்காரரின் கவனக்குறைவு என்றுதான் நியாயமாக நினைக்க வேண்டும். ஆனால் நியாயமாக நினைத்தால் கதை கிடைக்காது. ஆகவே ஒரு எழுத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு குடும்பத்தையே உண்டாக்கப் போகிறேன். இதைவிட வெட்டி வேலைகளுக்கெல்லாம் நம்மூரில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள்.

2

தொடக்கம் ஒன்று: "பிரிக்பீல்ட்ஸில் அன்று மழை பெய்து…"

கோலாலம்பூரில் என்றைக்குத்தான் மழை பெய்யவில்லை. அடித்தாயிற்று.

தொடக்கம் இரண்டு: "தனலெட்சுமி ஒரு ஏழைத் தாய். வறண்ட அவள் கண்களில்…"

கண்களில் என்ன இருந்தது என்று யோசிக்கும்போதே கொட்டாவி வந்துவிட்டது. போட்டிக்கு அனுப்புகிறவர்கள் வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தை நடுவர்களே மனத்தில் நிரப்பிக்கொள்வார்கள்.

தொடக்கம் மூன்று: "கிள்ளானைச் சேர்ந்த தனலெட்சுமி என்பவர்…"

[ஒரு பெயருக்குப் பின்னால் "என்பவர்" வந்தால் இலக்கணத்தில் அதைச் சொல்லுருபு என்பார்கள். எழுவாய்க்கு உருபு இல்லாத குறையைத் தீர்க்க வைத்த ஒட்டு. பத்திரிகையில் அது வந்தால் அந்த ஆள் திருடினார் அல்லது திருட்டுக் கொடுத்தார் என்று அர்த்தம்.]

தொடக்கம் நான்கு: தனலெட்சுமி பள்ளி வேன் ஓட்டுகிறாள்.

எழுவாய், பயனிலை, நடுவில் ஒரு வேன். இதுவே இருக்கட்டும். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

3

இங்கே கொஞ்சம் இலக்கணம். ஓட வேண்டாம், எனக்கும் பள்ளிக்கூடத்தோடு போனதுதான்.

ஒரு பெயருக்கு வாக்கியத்தில் என்ன வேலை என்று காட்டுவது வேற்றுமை. இரண்டாம் வேற்றுமையிலிருந்து ஏழாவது வரைக்கும் பெயரின் வாலில் ஏதாவது ஒட்டிக்கொள்ளும்: ஐ, ஆல், கு, இப்படி. முதல் வேற்றுமைக்கு ஒன்றும் ஒட்டாது. பெயர் வெறும் பெயராக நிற்கும். அதுதான் எழுவாய். வாக்கியத்தில் நடக்கிற காரியத்தைச் செய்கிறவர் இவரே என்று பொருள்.

என் எரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுவாய் ஆவதற்கு ஒரு தகுதியும் வேண்டாம். அடையாள அட்டை, சாட்சி, கையெழுத்து ஒன்றும் கேட்க மாட்டார்கள். வினைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் போதும். "தம்புசாமி மகளை வளர்த்தார்" என்று எழுதிப் பாருங்கள். எந்தத் தமிழாசிரியரும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. தம்புசாமி அந்தப் பக்கம் எட்டியே பார்த்ததில்லை என்பது இலக்கணத்தின் கவலை அல்ல.

[தம்புசாமிக்கு "ர்" போடுகிறேன். அட்டையிலேயே முதல் பெயராகப் போட்டுவிட்டார்கள், நான் மட்டும் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும். தனலெட்சுமிக்கு "ள்" போதும் என்று கை தானாக முடிவு செய்துவிட்டது. தமிழ்க் கதைகளில் இதுதான் நடைமுறை.]

தனலெட்சுமியின் கதையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, வேற்றுமைகளை வரிசையாகச் சொன்னாலே போதும். தம்புசாமி தனலெட்சுமியைக் கட்டிக்கொண்டார். அது இரண்டாவது. அவர் லோரி ஓட்டிய காலத்திலும் தனலெட்சுமியால்தான் வீடு ஓடியது. அது மூன்றாவது. தனலெட்சுமிக்கு மகள் பிறந்தாள், தனலெட்சுமிக்கு இடுப்பு வலித்தது, தனலெட்சுமிக்கு ஒன்றும் தெரியாது என்ற தைரியத்தில் அவர் சுங்கை பூலோவில் இன்னொரு வீடு பார்த்தார். இதெல்லாம் நான்காவது. தமிழில் பசி, வலி, காய்ச்சல் என்று படுகிறவர்களை எல்லாம் இங்கேதான் உட்கார வைப்பார்கள். அவளும் இங்கேதான் அதிக காலம் குடியிருந்தாள். மகள் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருஷம் தம்புசாமி தனலெட்சுமியிடமிருந்து ஒரேயடியாக விலகிப் போனார். தனலெட்சுமியின் தலைவிதி என்றார்கள் சொந்தக்காரர்கள். தனலெட்சுமியிடமும் ஏதோ குறை இருந்திருக்கும் என்றார்கள். ஆக ஏழு வரைக்கும் ஆயிற்று. முதலாவதை மட்டும் அவளுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேன் ஓட்டுகிறாளே, அங்கே அவள்தானே எழுவாய் என்று ஒருவர் கேட்கக்கூடும். கேளுங்கள். வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்கு அவள் வேன் ஆன்டி. ஐசி என்கிற அடையாள அட்டையில் அவள் தனலெட்சுமி ஏ/பி சின்னையா, அதாவது சின்னையா என்பவரின் மகள். கல்யாணம் கருமாதி என்று சொந்தம் கூடுகிற இடத்தில் அவள் "தம்புசாமி விட்டுட்டுப் போன பொண்ணு." பின்னால் எதுவும் ஒட்டாத வெறும் பெயராக அவளை யாரும் எங்கேயும் நிற்க விட்டதில்லை.

மகள் தாமரைக்குக் கல்யாணம் என்று வந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் ஆசைப்பட்டாள். அட்டையில் தன் பெயர் இருக்க வேண்டும், தன் மகளின் கல்யாணத்துக்குத் தானே ஊரைக் கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் இந்தக் கதையில் பணயம். சின்னதாகத் தெரிந்தால் உங்கள் வீட்டு அட்டையிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

4

பிரிக்பீல்ட்ஸில் பாசில் என்பவரின் அட்டைக் கடை, மாடியில். தனலெட்சுமி மகளோடு வந்திருந்தாள். கூடவே அவளுடைய அண்ணன் சிவநேசன். கோயில் கமிட்டியில் பொருளாளர். அந்தப் பதவியைத் தூக்கத்திலும் கழற்றி வைக்காதவர்.

பள்ளி விடுவதற்காகக் காத்திருந்த நேரங்களில் வேனுக்குள் உட்கார்ந்து அட்டைக்காகத் தனலெட்சுமி தானே எழுதிய வாசகம் இது: "தனலெட்சுமி, மகள் தாமரையின் திருமணத்திற்குத் தங்களை அன்புடன் அழைக்கிறேன்." பாசில் அதைக் கணினியில் ஏற்றித் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் பெயர் அவ்வளவு பெரிய எழுத்தில், பொன் நிறத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல் நிற்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"பேருக்கு அப்புறம் உள்ள கமாவ எடுத்துட்டேன்க்கா. பூ டிசைன் அதுல இடிக்குது," என்றார் பாசில்.

"சரி பாய்."

சிவநேசன் எட்டிப் பார்த்தார். "என்னா இது, அப்பா பேரு எங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? அப்பா பேரு இல்லாம கார்டா? மாப்ள வீட்டு ஆளுங்க என்னா நெனைப்பாங்க? பொண்ணோட அப்பா செத்துட்டாரான்னு கேப்பாங்க லா."

"செத்திருந்தா 'மறைந்த'ன்னு போட்டு முடிச்சிருக்கலாம். அந்த வசதியும் இல்லாமப் போச்சு," என்றாள் தனலெட்சுமி.

தாமரை அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். மலாய்ப் பள்ளியில் படித்த பெண், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. "ம்மா, ப்ளீஸ் லா. இங்கிலீஷ் சைட்ல ரெண்டு பேரு நேமும் போட்டாச்சு. ரெண்டு சைடும் சேமா இருக்கணும்ல?" பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "அப்பா வரேன்னு சொல்லியிருக்காரும்மா. ஒரு நாள்தானே. ஸ்டேஜ்ல நிக்கட்டும்."

அந்த "ஒரு நாள்தானே" தனலெட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு நாளைக்கு வருகிறவருக்குத்தான் மாலை போடுவார்கள், தினமும் இருக்கிறவர்களுக்கு யார் போடுகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்பாவின் மேல் இருந்த ஆசையைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லை.

"போடுங்க பாய்."

பாசில் "தம்புசாமி" என்று மேலே ஏற்றினார். பெயர் இரண்டாயிற்று. பிறகு அம்புக்குறியைக் கடைசிச் சொல்லுக்குக் கொண்டுபோனார்.

"ஆளு ரெண்டாயிருச்சுக்கா. இனி 'றேன்' வராது. 'றோம்' போடணும்."

"அத விடுங்க பாய். அப்படியே இருக்கட்டும்."

"தப்பாயிடும்க்கா. ரெண்டு பேரு கூப்பிட்டா அழைக்கிறோம். ஒருத்தரு கூப்பிட்டாதான் அழைக்கிறேன்."

"ஒருத்தருதான் பாய் கூப்பிடுறது."

பாசில் உதவிக்கு சிவநேசனைப் பார்த்தார். சிவநேசன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலப் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே "ட்ரெஷரர்" விழுந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"கார்டுக்குக் கீழ கடைப் பேரு வருதுக்கா. தமிழ் தெரிஞ்சவங்க பாத்தா என்னத்தான் சொல்வாங்க," என்றார் பாசில்.

"அப்ப கடைப் பேர எடுத்துருங்க."

அவர் கடைப் பெயரை எடுத்துவிட்டார். "றேன்" தங்கியது. திரும்பி வரும்போது சிவநேசன் ரயிலில் மண்டபத்து ஏர்கோனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தனலெட்சுமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டாள். பெயரை விட்டுக்கொடுத்து வினையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

5

நம்ப முடியவில்லை, இல்லையா? ஒரு வேன் ஓட்டுகிற பெண் வினைமுற்றுக்காகச் சண்டை போடுவாளா என்று கேட்கிறீர்கள். விகுதி என்ற சொல் தெரியாதவர்களுக்கு விகுதி வலிக்காது என்று நினைக்கிறீர்கள். கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போகாதா?

உங்கள் திருப்திக்காக அவளைத் தமிழாசிரியை ஆக்கியும் ஒரு முறை எழுதிப் பார்த்தேன். ஆசிரியை தனலெட்சுமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எண் மயங்கி வந்திருக்கிறது என்று கடைக்காரருக்கு விளக்கி, தன் கையாலேயே "றோம்" என்று திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கதை அங்கேயே படுத்துவிட்டது. படித்தவர்களை வைத்துக்கொண்டு பிழைகூடச் செய்ய முடியவில்லை.

[அவள் சண்டை போட்டதே "நான்தான் செய்தேன்" என்ற கணக்குக்காக இல்லை. அப்படி எழுதினால் அவள் கூலி கேட்பது போல ஆகிவிடும். கூப்பிடுவது தன் குரல் என்று இருக்க வேண்டும் என்பதுதான்…]

இந்த அடைப்புக்குறியை முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டேன். கதையின் கருத்தை எழுத்தாளரே விளக்குவதைப் போல அசிங்கம் வேறு இல்லை.

6

அட்டைகள் வந்தன. தனலெட்சுமி எங்கள் தாமான் முழுக்கத் தன் கையாலேயே போட்டாள். சுங்கை பூலோவுக்கு மட்டும் சிவநேசன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, காரில் எடுத்துக்கொண்டு போனார். முறை என்று ஒன்று இருக்கிறதாம். ஓடிப்போனவருக்கும் முறை உண்டு.

நான் யோசிக்காமல் விட்ட ஒன்று இங்கே வந்து என் காலை வாரியது. தமிழ்ப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தனலெட்சுமியும் நானும் இவ்வளவு தூரம் வந்தோம். ஆனால் தம்புசாமி கேரி தீவில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது. அட்டை வாங்கிய அத்தனை பேரிலும் என்னை விட்டால் வலப்பக்கத்தை எழுத்துக் கூட்டி, நிறுத்தி, அர்த்தம் பார்த்துப் படித்தவர் அந்த ஒரு மனிதர்தான்.

பாசில் பூ டிசைனுக்கு ஏற்றபடி வரிகளைப் பிரித்திருந்தார். "தம்புசாமி" தனி வரி. அடுத்த வரி "தனலெட்சுமி மகள் தாமரையின் திருமணத்திற்கு." மூன்றாவது வரி "தங்களை அன்புடன் அழைக்கிறேன்."

தம்புசாமி அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மச்சான். தம்புசாமி அழைக்கிறேன். யாரோட கல்யாணத்துக்கு? தனலெட்சுமி மகள் தாமரை கல்யாணத்துக்கு. எம்பேர்லதான் எழுதிக் குடுத்திருக்கா."

"பின்ன யாரு பேர்ல எழுதுவா," என்றார் சிவநேசன். அவர் அப்போதுதான் அந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

படித்தீர்களா? அந்த மனிதர் சொன்னது சரி. "தனலெட்சுமியின் மகள்" என்பதை "தனலெட்சுமி மகள்" என்றும் சொல்லலாம், ஆறாம் வேற்றுமை மறைந்து வரும். அப்படிப் பிரித்தால் அந்த வாக்கியத்தில் பிழையே கிடையாது. எழுவாய் ஒருவர், வினை ஒருமை, எல்லாம் கச்சிதம். தனலெட்சுமி எதற்காகக் கடைப் பெயரை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டாளோ அந்த "றேன்" தம்புசாமியின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. என் சிவப்புப் பேனாவின் "றோம்" இருந்திருந்தால் அவளுக்குப் பாதி எழுவாயாவது மிஞ்சியிருக்கும். இப்போது அதுவும் இல்லை. தன் மகளுக்கே அவள் ஒட்டுச்சொல் ஆகிவிட்டாள்.

மறுநாள் பள்ளி வாசலில் வேனை நிறுத்திக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. அவர் குரலை அவள் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"தனம், கார்டு பாத்தேன். எம்பேர்லயே கூப்பிட்டிருக்க, ரொம்ப சந்தோஷம். நல்ல மனசு ஒனக்கு. தாரை நான் வாத்துக் குடுக்கிறேன். நீ பின்னால நின்னு தண்ணி ஊத்துனா போதும். ஒண்ணும் வொரி பண்ணாத."

தனலெட்சுமி டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் படித்தாள். அவர் சொன்னது போலப் படித்தாள். பிறகு தான் நினைத்தது போலப் படித்துப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு தடவை அப்படிக் கேட்டுவிட்டால் பிறகு வேறு மாதிரிப் படிக்க வரவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. தன் கையாலேயே எழுதிக் கொடுத்து, தன் கையாலேயே வீடு வீடாகப் போட்டுவிட்டு வந்தோமே என்று உடம்பு கூசியது. பிள்ளைகள் பின்கதவைத் திறந்து ஏறினார்கள்.

"வேன் ஆன்டி, ஏர்கோன் போடுங்க."

போட்டாள்.

7

இனி முடிவு. என்னிடம் சில முடிவுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறேன், வேண்டுகிறவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம்.

அட்டையை மறுபடி அச்சடிக்கிறாள். முடியாது. ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது, என் வீடு உட்பட.

மண்டப வாசலில் தம்புசாமியைத் தடுத்து நிறுத்தி ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுகிறாள். நாதஸ்வரம் நிற்கிறது. கூட்டம் கை தட்டுகிறது. இந்த முடிவை எழுதும்போது எனக்கே வீரம் வந்துவிட்டது, அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்தேன். மகளின் கல்யாணத்தில் அம்மாக்கள் வசனம் பேச மாட்டார்கள். சாம்பார் போதுமா என்று பார்க்கப் போய்விடுவார்கள்.

தம்புசாமி மனம் திருந்தி அவள் காலில்… இந்த வாக்கியம் பாதியிலேயே நாறிவிட்டது.

லோரி விபத்தில் தம்புசாமி செத்துப்போகிறார். லோரி என்ன பாவம் செய்தது?

ஆக ஒன்றும் தேறவில்லை. கல்யாண நாளும் வந்துவிட்டது. ஒரு முடிவும் கையில் இல்லாமல் நானும் மண்டபத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அட்டை போட்டிருக்கிறார்களே.

8

கிள்ளானில் மண்டபம். வாசலில் பட்டு வேட்டியும் தோளில் ஜரிகைத் துண்டுமாகத் தம்புசாமி நின்று, வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. என்னையும் கட்டிப்பிடித்தார். தனலெட்சுமி உள்ளே தேங்காய் எங்கே, குத்துவிளக்குக்குத் திரி எங்கே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐயருக்கு அடுத்த முகூர்த்தம் ஷா ஆலமில். அவர் மந்திரத்தையும் கைக்கடிகாரத்தையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை உட்கார்ந்தார். தாமரை உட்கார்ந்தாள். தம்புசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணவறையில் ஏறினார். சிவநேசன் அவருக்கு இடம் ஒதுக்கினார். அவருக்குப் பின்னால் தனலெட்சுமி, கையில் தண்ணீர்ச் செம்பு.

ஐயர் நிமிராமலே கேட்டார். "பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கிறது யாரு?"

தம்புசாமி தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் தாமரை சொன்னாள்:

அம்மா

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். முழு மரியாதையோடு ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதையில் வேறு எதற்கும் எனக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் எந்தக் குறியும் போடவில்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள்.

"யாரு" என்பதற்குப் பதில் என்றால் அது முதல் வேற்றுமை. கொடுக்கிறது அம்மா. ஆனால் ஒருவரைக் கூப்பிடுகிற விளி என்று எட்டாவதாக ஒன்று இருக்கிறது, இந்தச் சொல் அதற்கும் இப்படியேதான் இருக்கும். அப்படியானால் அவள் பதில் சொல்லவில்லை, அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டது எதற்கு? இன்றைக்கு ஒரு நாள் ஒன்றும் பேசாதே என்று கெஞ்சவா? அப்பா நிற்கட்டும் என்று ஞாபகப்படுத்தவா? அல்லது பயத்தில் பிள்ளைகள் சும்மா கூப்பிடுவார்களே, அதுவா?

முற்றுப்புள்ளி வைத்தால் பதில் ஆகிவிடுகிறது. ஒரு கோடு இழுத்தால் கெஞ்சல் ஆகிவிடுகிறது. வைத்து வைத்து அழித்தேன். தாமரையிடமே கேட்கலாம் என்றால் அவள் நான் உண்டாக்கியவள், எனக்குத் தெரியாதது அவளுக்கும் தெரியாது. இத்தனை நேரம் எல்லாரையும் இளப்பமாகப் பேசிக்கொண்டு வந்த எனக்கு அந்த ஒரு சொல்லைப் பற்றி இளப்பமாகப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அழகாக இருந்தது.

தனலெட்சுமிக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கேட்டது "யாரு." வந்தது "அம்மா." அவள் செம்பை அண்ணன் கையில் திணித்தாள். தண்ணீர் சிந்தி ஈரமான பட்டுச் சட்டையோடு சிவநேசன் விழித்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் தம்புசாமியிடம்.

"தனம், என்னா இது, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

ஐயர் இப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்களாம்மா?"

"நான்தான்."

அவள் கையை நீட்டினாள். தம்புசாமியும் நீட்டிய கையை எடுக்கவில்லை. மகளின் முன்னால் இரண்டு கைகள் இருந்தன. தாமரை நிமிர்ந்து பார்த்தாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். தாமரை தன் கையைக் கொடுத்தாள்.

யார் கையில் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் அக்கறை இருக்கிறது, ஆனால் உங்களிடம் சொல்ல விருப்பமில்லை. நீங்கள் தம்புசாமியின் கை என்று எழுதினாலும் சரி, அழகாகவே எழுதுங்கள், அந்தப் பெண்ணுக்கு அப்பா வேண்டியிருந்தது. எப்படி எழுதினாலும் அதற்கு முந்திய வாக்கியத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது இதுதான்:

தனலெட்சுமி கையை நீட்டினாள்.